சட்டைப்பையில் ஏழு அட்டை: எதில் சிப் இருக்கிறது, எதை நம்பிப் பணம் வைக்கலாம்?

கேள்வி இதுதான். அப்பாவுக்கு 72 வயது. தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம் கிராமம், நாலு ஏக்கர் நெல், கடைத்தெருவில் ஒரு சின்ன உரக்கடை. ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், ஏடிஎம் கார்டு இரண்டு, விவசாயக் கடன் அட்டை என்று சட்டைப்பையில் ஏழு. மகனுக்கு வெளியூரில் வேலை. எல்லாவற்றையும் போனில் ஏற்றிவிட்டு அட்டைகளைப் பீரோவில் பூட்டிவிடலாமா? அட்டை, போன், கைரேகை மூன்றில் எது பத்திரம்?

சிலவற்றைப் பூட்டலாம், எல்லாவற்றையும் பூட்டக் கூடாது. போனில் ஏற்றியது அத்தனையும் கடைசியில் ஒரே சிம்மில் போய்த்தான் தொங்கும். ஓடிபி அந்த நம்பருக்கு வருகிறது, யுபிஐ அந்த நம்பரில் ஓடுகிறது, ஆதாரைத் திறப்பதும் பூட்டுவதும் அந்த நம்பரை வைத்து, வங்கிச் செயலியின் கடவுச்சொல் மறந்தால் மீட்பதும் அதை வைத்து. வரப்பில் குனியும்போது சட்டைப்பையிலிருந்து போன் நழுவி வாய்க்காலில் விழுந்தால் எல்லாக் கதவும் ஒன்றாகச் சாத்திக்கொள்ளும். அன்றைக்குக் கைகொடுக்க, போன் இல்லாமலே வேலை செய்கிற ஒன்று கையில் இருக்க வேண்டும். அது எது என்று தெரிய, அந்த ஏழையும் முதலில் பிரித்துப் பார்க்கலாம்.

2017இல் பழைய குடும்ப அட்டைப் புத்தகத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் வந்த அட்டைக்கு ‘ஸ்மார்ட் கார்டு’ என்றே பெயர். பெயர்தான் அப்படி, உள்ளே சிப் கிடையாது. பிளாஸ்டிக்கில் அச்சிட்ட க்யூஆர் குறியீடு இருக்கிறது, ரேஷன் கடைக் கருவி அதைப் படித்து சர்வரில் உள்ள கணக்கைத் திறக்கிறது, அவ்வளவே. ஆதார் பிவிசி அட்டையிலும் சிப் இல்லை. ஆனால் அதன் க்யூஆரில் ஆதார் ஆணையத்தின் மின்கையொப்பம் இருக்கிறது, உள்ளே ஓர் எழுத்தை மாற்றினாலும் சரிபார்க்கும் செயலி பிடித்துவிடும். அதே க்யூஆரை ஜெராக்ஸ் எடுத்தால் ஜெராக்ஸும் அசல் போலவே படியும் என்பது இதன் மறுபக்கம். ‘இந்த விவரம் திருத்தப்படவில்லை’ என்று க்யூஆர் சாட்சி சொல்லும். ‘அட்டையை நீட்டுகிறவர் இவர்தான்’ என்று சொல்ல அதனால் முடியாது. அதற்குத்தான் கைரேகை கேட்கிறார்கள். வாக்காளர் அட்டையும் இந்தக் கூட்டம்தான். அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் உள்ள ஓட்டுநர் உரிமத்தை வாகனச் சோதனையில் காட்டலாம், சட்டப்படி செல்லும். ஆக ஆதார், வாக்காளர் அட்டை, உரிமம் மூன்றும் தாராளமாகப் பீரோவுக்குப் போகட்டும்.

மிச்சத்தில் ஏடிஎம் கார்டு இரண்டும், ரூபே முத்திரை போட்ட விவசாயக் கடன் அட்டையும் உண்மையான ஸ்மார்ட் கார்டுகள். எட்டாவதாக ஒன்று இருக்கிறது, யாரும் கணக்கில் எடுப்பதில்லை. போனுக்குள் இருக்கும் சிம். அதுவும் சிப் அட்டையே, ஓரங்களை வெட்டிச் சிறிதாக்கியது. இ-சிம் என்றாலும் அதே சிப், போன் பலகையில் பற்றவைத்து வருகிறது.

அந்தத் தங்கநிறச் சதுரம் என்ன செய்கிறது? அது ஒரு குட்டிக் கணினி. பேட்டரி கிடையாது, கருவியில் செருகினால் அதிலிருந்து மின்சாரம் வாங்கிக்கொண்டு விழிக்கும். உள்ளே ஒரு ரகசியச் சாவி இருக்கும், அது வெளியே வருவதே இல்லை. கருவி தொகையையும் ஒரு தற்செயல் எண்ணையும் அனுப்பும். சிப் அவற்றோடு தன் சொந்த எண்ணிக்கையையும், அதாவது இது எத்தனையாவது பரிவர்த்தனை என்பதையும், சேர்த்துச் சாவியால் பிசைந்து ஒரு விடையைத் தரும். வங்கியிடமும் அதே சாவிக்கான கணக்கு இருப்பதால் விடையைச் சரிபார்க்கும். ஒருமுறை வந்த விடை மறுமுறை செல்லாது. பழைய கறுப்புக் காந்தப்பட்டை எப்போது தேய்த்தாலும் ஒரே பாடத்தைத்தான் ஒப்பிக்கும். ஏடிஎம் வாயில் ஒரு போலிப் படிப்பானை ஒட்டி அந்தப் பாடத்தைத் திருடி வெற்று அட்டையில் எழுதியது பழைய மோசடி. காந்தப்பட்டை மட்டும் உள்ள அட்டைகளை 2018 டிசம்பர் 31க்குள் சிப் அட்டையாக மாற்றச் சொன்னது ரிசர்வ் வங்கி. பட்டை இன்னும் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்றால், சிப் படிக்காத பழைய கருவிகளுக்காக. உள்ளூர்க் கடையில் யாராவது ‘சிப் வேலை செய்யலை, தேய்ச்சுப் பாக்கறேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

வைஃபை போல வளைகோடு போட்ட அட்டையில் சிப்போடு ஒரு செம்புக் கம்பிச் சுருளும் உள்ளே ஓடுகிறது. கருவிக்கு நாலைந்து சென்டிமீட்டர் அருகில் கொண்டுபோனால் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். 2021 ஜனவரி முதல் ₹5,000 வரை பின் நம்பர் இல்லாமல் தட்டிச் செலுத்தலாம். பேருந்தில் யாராவது பையை உரசிப் பணத்தை எடுத்துவிடுவார்களா என்று பலர் பயப்படுகிறார்கள். அட்டை எண்ணையும் காலாவதித் தேதியையும் அப்படிப் படித்துவிடலாம், ஆனால் பின்பக்கம் அச்சிட்ட மூன்றிலக்க எண்ணைப் படிக்க முடியாது. இந்திய இணையதளங்கள் ஓடிபியும் கேட்கும். ஓட்டை வெளிநாட்டுத் தளங்களில் இருக்கிறது, சில தளங்கள் ஓடிபி கேட்பதில்லை. எனவே வெளிநாட்டுப் பயன்பாட்டை அடைத்துவைத்தால் இந்தப் பயத்தில் பெரும்பாதி தீர்ந்தது. நடைமுறையில் அதிகம் வரும் தொல்லை வேறு: ஒரே பர்ஸில் இரண்டு தட்டும் அட்டைகளை வைத்து பர்ஸோடு தட்டினால் இரண்டும் ஒன்றாகப் பேசிக் கருவி குழம்பும். எடுத்துத் தனியாகத் தட்டினால் போதும்.

அடைப்பது எப்படி? வங்கிச் செயலியில் டெபிட் கார்டு பகுதிக்குள் ஏடிஎம், கடைக்கருவி, இணையம், தட்டிச் செலுத்தல், வெளிநாடு என்று ஐந்து விசைகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு உண்டு. 2020க்குப் பிறகு வந்த அட்டையில் உள்நாட்டு ஏடிஎம்மும் கடைக்கருவியும் மட்டும் திறந்த நிலையில் வரும். மற்றதை நாமாகத் திறந்தால்தான் உண்டு. போன் இல்லாத அன்று கைகொடுக்கப்போவது பர்ஸில் இருக்கும் ஓர் ஏடிஎம் கார்டுதான். அப்பாவின் அந்த அட்டைக்கு ஏடிஎம் ₹10,000, கடைக்கருவி ₹5,000, மீதி மூன்றும் மூடல். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இங்கே அப்படியே பொருந்தும். உரம் இறக்கும் வாரத்தில் வரம்பைக் கூட்டிக்கொள்ளலாம், இரண்டு நிமிட வேலை.

விவசாயக் கடன் அட்டையைப் பற்றி ஒரு சொல். அது பார்வைக்கு ஏடிஎம் கார்டு, உள்ளே கடன் கணக்கு. அதில் எடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் கடன்தான். கூட்டுறவுச் சங்கத்தில் உரிய தேதிக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை என்ற சலுகை, தேதி தவறினால் போய்விடும். அவசரத்துக்கு அதைச் செருகி ஐந்தாயிரம் எடுத்துவிட்டு மறந்துபோவது குறுவை முடிந்ததும் வம்பாக நிற்கும். இந்த அட்டை பர்ஸில் இருக்கத் தேவையில்லை.

அட்டைகள் சாவது மோசடியால் குறைவு, பராமரிப்பால் அதிகம். சாவிக்கொத்தில் கோக்க மூலையில் ஓட்டை போடுகிறவர்கள் உண்டு. கம்பிச் சுருள் பெரும்பாலும் ஓரத்தைச் சுற்றித்தான் ஓடும், ஓட்டை அதை அறுத்துவிட்டால் தட்டிச் செலுத்துவது அன்றோடு போச்சு. செருகினால் மட்டும் வேலை செய்யும், ஏன் என்று யாருக்கும் புரியாது. பின்பாக்கெட்டில் பர்ஸை வைத்து உட்கார்ந்து உட்கார்ந்து அட்டை வளைந்தால் சிப்பின் நூலிழைக் கம்பி விட்டுப்போகும், அதற்கு மருந்து இல்லை. கருவி ‘அட்டை படிக்கவில்லை’ என்றால் தொடுமுனைகளில் வியர்வைப் படலமோ உரத்தூளோ இருக்கலாம். பென்சில் அழிப்பானால் மெல்ல நாலு தடவை தேய்த்து, பஞ்சால் துடைத்துப் பாருங்கள். உப்புத்தாள், தின்னர் எதுவும் வேண்டாம். வங்கி அட்டையை லேமினேட் செய்தால் ஏடிஎம் வாய்க்குள் சிக்கும். ரேஷன் கார்டை லேமினேட் செய்தால் பளபளப்பில் க்யூஆர் படியாது.

இனி கைரேகை. டெல்டாவில் இதில்தான் அதிகம் பேர் அல்லாடுகிறார்கள். நாற்று பறித்து, நட்டு, களை எடுத்து ஊறிய விரல்கள், வேதாரண்யம் உப்பளத்தில் காய்ந்த விரல்கள், நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறையில் மெருகேற்றித் தேய்ந்த விரல்கள். ரேகையின் மேடு தேய்ந்திருந்தால் கருவிக்கு ஒப்பிட எதுவும் கிடைக்காது. ரேஷன் கடையிலோ உரக்கடையிலோ பிழை எண் 300 வந்தால் ரேகை ஒத்துப்போகவில்லை என்று பொருள். முதலில் கருவியின் கண்ணாடியைத் துடைக்க வேண்டும், பாதி நேரம் குற்றவாளி அதுதான். ஈரக்கையைத் துடைத்துவிட்டு இரண்டு நிமிடம் பொறுக்கலாம். மிகவும் வறண்ட விரலை நெற்றியில் ஒருமுறை தேய்த்துக்கொண்டு வைத்தால் எண்ணெய்ப் பசை சற்று உதவும். பத்து விரலும் ஆதாரில் பதிந்திருக்கும், கட்டைவிரலிலேயே பிடிவாதம் பிடிக்காமல் நடுவிரல், மோதிரவிரல் என்று மாற்றிப் பார்க்கலாம். அப்படியும் விழவில்லையென்றால் ஆதார் மையத்தில் கைரேகையைப் புதிதாகப் பதிவது நல்லது. அதை நடவும் அறுப்பும் இல்லாத மாதத்தில், விரல் ஆறியிருக்கும்போது செய்ய வேண்டும். அறுப்பு முடிந்த கையோடு போனால் தேய்ந்த ரேகையே மறுபடி பதிவாகும்.

ரேஷன் கடைகள் பலவற்றில் இப்போது கருவிழிக் கருவியும் இருக்கிறது, கேட்டு வாங்கிப் பயன்படுத்தலாம். நடக்க முடியாதவர்களுக்கு வேறொருவர் வாங்கிவர அங்கீகாரப் படிவம் உண்டு. 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது, அப்பாவின் வயதுக்கு அதைக் கடையில் விசாரியுங்கள். புகாருக்கு 1967.

பணத்தில் கைரேகை வரும்போது கதை வேறு. ஆதார் வழிப் பணப்பரிமாற்றம், அதாவது ஏஇபிஎஸ், ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் மூன்றை மட்டும் வைத்து பணம் தரும். அட்டை வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், ஓடிபி வேண்டாம். ஒரு முறைக்கு ₹10,000 வரை. தபால்காரர் வாசலிலேயே தருகிறார், வங்கி முகவரும் தருகிறார். வயதானவர்களுக்கு இது வரப்பிரசாதம்தான், ஆனால் பின் நம்பர் திருடுபோனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை எடுத்து சிலிகானில் வார்த்துப் பணம் எடுத்த வழக்குகள் வேறு மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. விரலுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் முறையை அதன்பிறகு ஆதார் ஆணையம் கொண்டுவந்தது. அதைவிடச் சாதாரணமாக நடப்பது இன்னொன்று. முகவர் ‘ரேகை விழலை, மறுபடி வைங்க’ என்பார், இரண்டு முறையும் விழுந்திருக்கும். அல்லது இரண்டாயிரம் கேட்டவருக்கு மூவாயிரம் என்று பதிவாகும். ஒவ்வொரு முறையும் அச்சிட்ட சீட்டைக் கேட்டு வாங்கி, மீதத்தொகையைப் பார்த்த பிறகுதான் இடத்தை விட்டு நகர வேண்டும்.

அப்படியென்றால் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடலாமே? ஆதார் ஆணையத்தின் செயலியில் பூட்டலாம், தேவைப்படும்போது பத்து நிமிடத்துக்குத் திறக்கலாம், பிறகு தானாகப் பூட்டிக்கொள்ளும். போனைச் சரளமாகக் கையாளுகிறவருக்கு இதுவே சிறந்த வழி. அப்பாவுக்கு? பூட்டியிருக்கும்போது ரேஷன் கடையில் விரல் வைத்தால் பிழை எண் 330 வரும். வரிசையில் பின்னால் இருப்பவர்கள் முணுமுணுக்க, வெளியூரில் இருக்கும் மகனுக்குப் போன் போகும். மாதாமாதம் ரேஷனும், பருவத்துக்கு நாலு முறை உரமும் விரலில் ஓடும் வீட்டில் முழுப் பூட்டு தொந்தரவு. அதைவிட நல்லது, கிளைக்குப் போய், நெல் கொள்முதல் பணம் வரும் பெரிய கணக்கில் ஏஇபிஎஸ் வழியே பணம் எடுப்பதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுப்பது. பல வங்கிகள் செய்துதருகின்றன. நூறுநாள் வேலைக் கூலியும் உதவித்தொகையும் வரும் சின்னக் கணக்கில் மட்டும் அது திறந்திருக்கட்டும். எந்தக் கணக்குக்கு அரசுப் பணம் வருகிறது என்ற குழப்பமும் இங்கேதான் முளைக்கிறது. உதவித்தொகை, ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். புதிய வங்கியில் கணக்கு தொடங்கும்போது கேட்காமலே ஒரு கட்டத்தில் டிக் போட்டிருப்பார்கள், பணம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். மைஆதார் தளத்தில் ‘வங்கி இணைப்பு நிலை’ பார்த்தால் தெரிந்துவிடும்.

உரக்கடைக்கு வருவோம். கடையில் உள்ள மானிய உரக் கருவியையும் கார்டு தேய்க்கும் கருவியையும் வாடிக்கையாளர்கள் ஒன்றென்று நினைக்கிறார்கள். 45 கிலோ யூரியா மூட்டையை ₹266.50க்கு விற்க ஆதார் விரல் கேட்பது மானியக் கணக்குக்கு. அந்த விரலால் பணம் எடுபடாது. இதை வாயால் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும். பணம் வாங்க யுபிஐ க்யூஆரும், பணம் வந்ததும் தொகையைச் சொல்லும் ஒலிப்பெட்டியும் போதும். யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 முதல் கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. கிரெடிட் கார்டுக்குப் பிடிப்பார்கள், மூட்டைக்குச் சில ரூபாய் லாபம் உள்ள உர வியாபாரத்தில் அது வலிக்கும்.

ஒலிப்பெட்டி பேசினால்தான் சரக்கு என்பது விதியாக இருக்கட்டும். வாடிக்கையாளர் காட்டும் ‘பணம் சென்றது’ திரையைப் போலியாக வரைந்துகாட்டும் செயலிகள் திரிகின்றன. பெட்டிக்குள்ளும் ஒரு சிம் உண்டு, சிக்னல் மந்தமானால் அறிவிப்பு தாமதமாகும். அப்போது கடைக்காரர் தன் செயலியில் வரவுப் பட்டியலைத் திறந்து, 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை ஒப்பிட வேண்டும். வெளிச்சுவரில் ஒட்டிய க்யூஆர் மேல் இரவில் இன்னொருவர் தன் க்யூஆரை ஒட்டிப்போனது பல ஊர்களில் நடந்திருக்கிறது. கல்லாக் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டினால் போதும். இன்னொன்று, பணம் பெறுவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் வேண்டாம். ‘பணம் அனுப்பியிருக்கேன், பின் போட்டு எடுத்துக்குங்க’ என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

யுபிஐ நல்ல ஏற்பாடு. ஆனால் அது அட்டைக்கு மாற்று என்று நினைப்பதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. யுபிஐ பின் மறந்தால் புதிதாக வைக்க டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும் கேட்கும், அல்லது ஆதார் ஓடிபி கேட்கும். அட்டை காலாவதியாகி, ஆதாரில் பழைய நம்பர் இருந்தால் இரண்டு வழியும் அடைபட்டது. எனவே பீரோவில் இருந்தாலும் அட்டை உயிரோடு இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏடிஎம்மில் செருகி மீதத்தொகை பாருங்கள். போன் மாற்றினால் புதிய போனில் முதல் 24 மணிநேரம் ₹5,000க்கு மேல் அனுப்ப முடியாது. அறுவடை இயந்திர வாடகை கொடுக்கும் அன்று காலையில் போன் மாற்றாதீர்கள்.

அப்பாவின் கணக்கையே யுபிஐயில் திறக்காமல் விடும் வழியும் ஒன்று உண்டு. யுபிஐ சர்க்கிள் என்று 2024இல் வந்தது. மகன் தன் கணக்கிலிருந்து அப்பாவுக்கு மாதம் ₹15,000 வரை, ஒரு முறைக்கு ₹5,000 வரை செலவு செய்ய அனுமதி தரலாம். அல்லது ஒவ்வொரு செலவுக்கும் மகன் ஒப்புதல் தருகிற மாதிரி வைக்கலாம். அப்பாவின் சேமிப்புக் கணக்கு யுபிஐ பக்கமே வராது, ஏமாற்றுப் பேச்சுக்கு அவர் மசிந்தாலும் சேதத்துக்கு ஓர் எல்லை இருக்கும். மருந்து, மளிகை, டீக்கடைக்கு யுபிஐ லைட். ₹5,000 வரை ஏற்றிவைக்கலாம், ஒரு முறைக்கு ₹1,000 வரை பின் இல்லாமல் போகும். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு யுபிஐ 123பே இருக்கிறது, குரல் அழைப்பிலேயே முடியும். 2025 அக்டோபர் முதல் பின் நம்பருக்குப் பதில் போனில் பதிந்த விரலோ முகமோ வைத்தும் ₹5,000 வரை செலுத்தலாம். ஆனால் விளையாட்டுக்காகப் பேரன் தன் விரலை அந்தப் போனில் பதிந்திருந்தால் அவனும் கையெழுத்துப் போடும் உரிமை பெற்றவன் ஆகிறான். இதைத் திறப்பதற்கு முன் பதிந்த விரல்களை எண்ணிப் பாருங்கள்.

எல்லாம் தொங்கும் அந்த ஆணி, சிம். திருடு போன போனிலிருந்து சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அங்கே போகும். திரைப்பூட்டு அதைத் தடுக்காது, சிம் பின் மட்டுமே தடுக்கும். ஆண்ட்ராய்டில் அமைப்புகள், பாதுகாப்பு, சிம் பூட்டு. முதலில் நிறுவனம் வைத்த பின்னைக் கேட்கும், பெரும்பாலும் 1234 அல்லது 0000. ஊகித்துத் தட்டாமல் வாடிக்கையாளர் சேவையில் கேட்டுவிடுங்கள், மூன்று முறை தவறினால் பூட்டிக்கொண்டு சிம்மைத் திறக்கும் 8 இலக்க ‘பக்’ (PUK) எண் கேட்கும். அதையும் பத்து முறை தவறினால் சிம் செத்தது. புதிய பின்னை வைத்த பிறகு போன் ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் கேட்கும். அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும் நான்கு இலக்கமாக வைக்கலாம், பிறந்த வருடமும் வண்டி எண்ணும் மட்டும் வேண்டாம்.

போன் திடீரென்று சிக்னல் இழந்து, அருகில் இருப்பவரின் அதே நிறுவன சிம் மட்டும் வேலை செய்தால் சந்தேகப்படுங்கள், யாரோ நகல் சிம் வாங்கியிருக்கலாம். நகல் சிம் உயிர்பெற்ற முதல் 24 மணிநேரத்துக்கு அதில் குறுஞ்செய்தி வராது என்று விதி இருக்கிறது. அந்த ஒரு நாள்தான் நமக்கான அவகாசம், உடனே நிறுவனத்துக்கும் வங்கிக்கும் பேச வேண்டும். நேர்மையாக நாமே நகல் சிம் வாங்கும்போதும் அதே 24 மணிநேரம் ஓடிபி வராது, பதற வேண்டாம்.

சிக்னலே இல்லாத நாட்கள் டெல்டாவுக்குப் புதிதல்ல. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. மின்சாரமும் செல்போன் கோபுரமும் இல்லாத கிராமத்தில் யுபிஐ, ஏஇபிஎஸ், ஏடிஎம் எல்லாமே ஒன்றுதான். சிப்பால் தனியாகக் கணக்குப் போட முடியும், ஆனால் வங்கியிடம் கேட்க இணைப்பு வேண்டுமே. பணத்தையே அட்டைக்குள் வைத்து இணைப்பில்லாமல் கழிக்கும் தேசியப் பொதுப் பயண அட்டை இருக்கிறது, ₹2,000 வரை ஏற்றலாம். சென்னை மெட்ரோவில் ஓடுகிறது, பாபநாசத்து மளிகைக் கடையில் அதை நீட்டினால் திருப்பித் தருவார்கள். எனவே ஐப்பசி தொடங்கும்போது ஒரு வாரச் செலவுக்கு ஐம்பதும் நூறுமாக நோட்டு வீட்டில் இருக்கட்டும். கூட்டத்திலும் இதே கதைதான். வேளாங்கண்ணித் திருவிழாவிலும், 2028இல் வரப்போகும் கும்பகோணம் மகாமகத்திலும் செல்போன் கோபுரம் திணறும். யுபிஐயில் ‘நிலுவை’ என்று நின்றால் மறுபடி அனுப்பாதீர்கள், இரண்டு முறை போய்விடும்.

கடை நடத்துவதால் மின்கையொப்ப டோக்கன் வாங்கச் சொல்லி யாராவது நச்சரித்திருப்பார்கள். பென்டிரைவ் போல இருக்கும் அதுவும் ஸ்மார்ட் கார்டு சிப்தான். தனிநபர் பெயரில் உள்ள கடைக்கு ஜிஎஸ்டி கணக்கை ஓடிபியிலேயே சமர்ப்பிக்கலாம், டோக்கன் தேவையில்லை. கம்பெனி நடத்துகிறவர்களுக்கும், வாய்க்கால் தூர்வாரும் வேலைக்கு இணைய டெண்டர் போடுகிற ஒப்பந்ததாரர்களுக்கும் அது வேண்டும். அவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. டோக்கன் கணினியில் தெரியவில்லையென்றால் முதலில் அந்த டோக்கனுக்குரிய டிரைவரை நிறுவிப் பாருங்கள், யுஎஸ்பி பெருக்கி (ஹப்) இல்லாமல் நேரடியாகச் செருகுங்கள். கடவுச்சொல் மறந்து பூட்டிக்கொண்டால் ‘இனிஷியலைஸ்’ அழுத்தாதீர்கள், அது உள்ளே உள்ள சான்றிதழையே அழித்துவிடும். சாவி வெளியே வராத சிப் என்பதால் பிரதியும் கிடையாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும். மூன்றாவது, டோக்கனை ஆடிட்டர் அலுவலக மேசை இழுப்பறையில், பின்னால் கடவுச்சொல்லை ஒட்டி விட்டுவைப்பது. ஊரில் பாதிப் பேர் செய்வது இதுதான். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

மகனுக்கு ஒரு வேலை இருக்கிறது, அப்பாவின் மின்னஞ்சலைப் பாதுகாப்பது. அதற்குள் புகுந்தவர் பல கணக்குகளை மீட்டெடுத்துவிடலாம். கடவுச்சொல்லுக்குப் பதிலாக வரும் பாஸ்கீயை வைத்தால் சிப் அட்டையின் அதே தத்துவம் போனுக்குள் வருகிறது: ரகசியச் சாவி போனைத் திறக்கும் விரலுக்குப் பின்னால் இருக்கும், கணக்கின் உண்மையான தள முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும். ஓர் எழுத்து மாறிய போலித் தளத்தில் மனிதர் ஏமாறுவார், பாஸ்கீ வாயே திறக்காது. குறுஞ்செய்தி ஓடிபிக்கு அந்த அறிவு இல்லை, போனில் கேட்டால் வாய்விட்டுச் சொல்லிவிடலாம். பாஸ்கீ வசதி இல்லாத தளங்களில் ஆத்தென்டிகேட்டர் செயலி. 30 வினாடிக்கு ஒருமுறை ஆறு இலக்கம் மாறும், சிக்னல் வேண்டாம். எண் சரியாக இருந்தும் ஏற்கவில்லையென்றால் போனின் கடிகாரம் பிசகியிருக்கும், தானியங்கி நேரத்தை இயக்குங்கள். கூகுள் தரும் பத்து மீட்பு எண்களை அச்சடித்து பத்திரக் கட்டோடு வையுங்கள். யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி வாங்குவதாக இருந்தால் இரண்டாக வாங்கி இரண்டையும் பதிய வேண்டும். ஒன்று மட்டும் வாங்கித் தொலைத்தவர்கள் பட்டபாடு பெரிது. வங்கிகளும் மெல்ல இந்தப் பக்கம் வருகின்றன. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு 2026 ஏப்ரல் 1ஐத் தொடக்கமாக வைத்த விதிகள் குறுஞ்செய்தி ஓடிபி அல்லாத வழிகளுக்கும் இடம் கொடுக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போய்விட்டால் முதல் அழைப்பு 1930. போன பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடியும் என்பதால் நிமிடக் கணக்கில் செய்ய வேண்டும். அடுத்தது வங்கியின் அட்டை நிறுத்தும் எண். மூன்றாவது, கிளையில் எழுத்துப் புகார், பெற்றுக்கொண்ட முத்திரையோடு. நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடியை, வங்கியின் தகவல் வந்ததிலிருந்து மூன்று வேலைநாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் இல்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை. நாலிலிருந்து ஏழு வேலைநாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு ₹10,000 வரை நம் தலையில். பின் நம்பரை நாமே சொல்லியிருந்தால் புகார் கொடுக்கும் நேரம் வரை போனது நம் நஷ்டம், அதற்குப் பிறகு போவது வங்கியுடையது. அதனால்தான் புகார் கொடுத்த மணியும் நிமிடமும் தாளில் இருக்க வேண்டும்.

மோசடி இல்லாமல் வெறுமனே சிக்கிய பணத்துக்குத் தனிக் கணக்கு. ஏடிஎம் பணம் தராமல் கணக்கில் மட்டும் கழித்தால் ஐந்து நாளுக்குள் திரும்ப வர வேண்டும், ஆளுக்கு ஆள் அனுப்பிய யுபிஐ சேரவில்லையென்றால் மறுநாளுக்குள், கடைக்கு அனுப்பியது என்றால் ஐந்து நாள். தாண்டினால் நாளுக்கு ₹100 நஷ்டஈடு, கேட்காமலே வங்கி தர வேண்டியது. தரவில்லையென்றால் ஏடிஎம் சீட்டு அல்லது 12 இலக்க எண்ணோடு கிளையில் எழுதிக் கேளுங்கள். சீட்டின் மை இரண்டு மாதத்தில் மங்கிவிடும், அன்றே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.